துருவக் கடலுக்குச் சிறு கப்பல்: எதை வைத்துத் தேர்வது?

அண்டார்க்டிகாவுக்கோ ஆர்க்டிக்குக்கோ கப்பலில் போவதென்று மனத்தில் தீர்மானித்தவர்களில் பெரும்பாலோர் முதலில் பார்ப்பது அறையின் படத்தையும் அதன் கீழே போட்டிருக்கும் விலையையும்தான். ஓட்டலைத் தேர்வதற்கு அது சரியான வழியாக இருக்கலாம். துருவப் பயணத்திலோ, கொடுத்த பணத்துக்கு என்ன கிடைத்தது என்பதைக் கரையில் நிற்கக் கிடைத்த மணிக்கணக்கில்தான் அளக்க வேண்டும். அந்த மணிக்கணக்கைத் தீர்மானிப்பவை கப்பலில் ஏறும் பயணிகளின் எண்ணிக்கை, போகும் வழி, போகும் மாதம், போகும் துருவம் ஆகிய நான்கும். அறையின் வசதி இவற்றுக்கெல்லாம் பின்னால் வருகிறது. இந்த வரிசையிலேயே ஒவ்வொன்றையும் எடை போட்டுப் பார்க்கலாம்.

அண்டார்க்டிகாவில் எல்லாக் கணக்கும் நூறு என்ற எண்ணிலிருந்து தொடங்குகிறது. 1991-இல் ஏழு நிறுவனங்கள் சேர்ந்து தொடங்கிய, ஐஏஏடிஓ என்று சுருக்கமாக அழைக்கப்படும் அண்டார்க்டிகச் சுற்றுலா நடத்துநர் சங்கத்தின் விதிப்படி, ஓர் இடத்தில் ஒரே நேரத்தில் நூறு பயணிகளுக்கு மேல் கரையில் இருக்கக் கூடாது. இருபது பேருக்கு ஒரு வழிகாட்டியாவது உடன் இருக்க வேண்டும். ஒரு நேரத்தில் ஓர் இடத்தில் ஒரு கப்பல்தான் நிற்கலாம். ஐந்நூறு பயணிகளுக்கு மேல் ஏற்றி வரும் கப்பல் யாரையும் கரையில் இறக்கவே கூடாது. அண்டார்க்டிக் ஒப்பந்த நாடுகளும் 2009-ஆம் ஆண்டுக் கூட்டத்தில் இதே வரையறைகளை ஏற்றன.

இதை ஒரு காலை நேரத்துக்குப் பொருத்திப் பாருங்கள். குவர்வில் தீவில் ஜெண்டூ பெங்குவின்களைப் பார்க்க மூன்று மணி நேரம் ஒதுக்கப்பட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நூறு பேர் கொண்ட கப்பலில் எல்லோரும் ஒன்றாக இறங்கி, விரும்பினால் மூன்று மணி நேரமும் கரையிலேயே நிற்கலாம். இருநூறு பேர் கொண்ட கப்பலில் பாதிப்பேர் கரையில் இருக்கும்போது மறுபாதியினர் ஸோடியாக் ரப்பர் படகுகளில் பனிப்பாறைகளுக்கிடையே சுற்றிவருவார்கள். பிறகு இடம் மாறிக்கொள்வார்கள். இதில் பெரிய இழப்பு ஒன்றும் இல்லை, ஏனென்றால் படகில் சுற்றுவதும் பயணத்தின் ஒரு பகுதியே. நானூற்றைம்பது பேர் கொண்ட கப்பலில் நிலைமை வேறு. ஐந்து குழுக்களாகப் பிரித்து முறை வைத்து அனுப்புவார்கள். ஒருவருக்குக் கிடைப்பது அரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல்தான். மூன்றாம் குழு திரும்பும்போது காற்று எழுந்துவிட்டால் நான்காம், ஐந்தாம் குழுக்களுக்கு அன்றைய காலை அவ்வளவுதான்.

ஆகவே, 'சிறு கப்பல்' என்று விளம்பரத்தில் எழுதியிருப்பதை மட்டும் நம்பிவிடக் கூடாது. கரிபியக் கடலில் நாலாயிரம் பேரை ஏற்றிச் செல்லும் மிதக்கும் நகரங்களோடு ஒப்பிட்டால் ஐந்நூறு பேர் கப்பலும் சிறியதுதான். துருவக் கடலில் அந்தச் சொல்லுக்குப் பொருள் வேறு. நூற்றிருபது பேர் வரை சிறியது, இருநூறு வரை நடுத்தரம், அதற்கு மேல் பெரியது என்று கொள்வதே என் கணக்கு.

சிறு கப்பலுக்கும் குறைகள் உண்டு. அவற்றை மறைப்பதில் பயனில்லை. இந்த வகையில் பழைய கப்பல்கள் சில, வேறு வேலைக்காகக் கட்டப்பட்டுப் பின்னர் மாற்றியமைக்கப்பட்டவை. பிளான்சியஸ் என்ற கப்பல் 1976-இல் டச்சுக் கடற்படையின் ஆய்வுக் கப்பலாகக் கட்டப்பட்டது. ஆர்ட்டிலியஸ் 1989-இல் போலந்தில், சோவியத் அறிவியல் கழகத்துக்காகக் கட்டப்பட்டது. இரண்டும் இன்று நூற்றுச் சொச்சம் பயணிகளை ஏற்றிச் செல்கின்றன. இத்தகைய கப்பல்களில் நடைக்கூடங்கள் குறுகலாகவும் படிகள் செங்குத்தாகவும் இருக்கும். நீச்சல் குளம், மசாஜ் அறை போன்றவற்றை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றமே மிஞ்சும். பெரிய அலையில் சிறு கப்பல் அதிகமாக ஆடும் என்பதும் உண்மை. 2019 முதல் வந்த புதிய கப்பல்கள் இந்தக் குறைகளில் பலவற்றைத் தீர்த்திருக்கின்றன. எடுத்துக்காட்டாக, கிரெக் மார்ட்டிமர் என்ற கப்பலின் முகப்பு, வழக்கமாக முன்னோக்கி நீள்வதற்கு மாறாகப் பின்னோக்கிச் சாய்ந்து, அலையின் மேல் ஏறி விழாமல் அதைப் பிளந்துகொண்டு போகும்படி அமைந்திருக்கிறது. ஆனால் புதுமைக்கு உரிய விலையைப் பயணிதான் கொடுக்கிறார்.

பனியைத் தாங்கும் வலிமையைப் பற்றிப் பலர் தேவைக்கு மேல் கவலைப்படுகிறார்கள். துருவ வகுப்பு என்ற தரவரிசையில் ஒன்று மிக வலியது, ஏழு மிக எளியது. கோடையில் அண்டார்க்டிகத் தீபகற்பத்துக்குப் போய்வர ஆறாம் வகுப்பே போதும். ஆழ்ந்த உறைகடலைப் பிளந்து போகும் இரண்டாம் வகுப்புக் கப்பலான லெ கொமாண்டான் ஷார்கோ போன்றவை வேறு நோக்கத்துக்கும் வேறு வருமானத்துக்கும் உரியவை. கப்பலின் தகடு எவ்வளவு தடிமன் என்பதைவிட, அதைச் செலுத்தும் மேடையில் நிற்கும் கப்பல் தலைவர் பனியில் எத்தனை பருவம் ஓட்டியிருக்கிறார் என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது. துருவச் சுற்றுலாவின் முன்னோடியான எக்ஸ்ப்ளோரர் கப்பல், 1969-இல் இதற்கென்றே கட்டப்பட்டது, 2007 நவம்பர் 23 அன்று கிங் ஜார்ஜ் தீவுக்கு அருகே பனியில் மோதி மூழ்கியது. உயிர்காப்புப் படகுகளில் சில மணி நேரம் நடுங்கிக்கொண்டிருந்த 154 பேரையும் நோர்வேக் கப்பலான நோர்ட்நோர்கே மீட்டது, ஒருவரும் சாகவில்லை. பனியின் கடினத்தைத் தலைவர் தவறாக மதிப்பிட்டதே காரணம் என்று விசாரணை சொன்னது. பக்கத்தில் இன்னொரு கப்பல் இருந்ததும் கடல் ஓரளவு அமைதியாக இருந்ததும் அன்றைய நற்பேறு.

அறையைப் பற்றிச் சொல்ல வேண்டியது சிறிதுதான். பால்கனி அறையில் தங்கியவருக்கும் நான்கு பேர் பங்கிடும் அடுக்குக் கட்டில் அறையில் தங்கியவருக்கும் கரையில் கிடைக்கும் நேரம் ஒன்றே. படகும் ஒன்றே, வழிகாட்டியும் ஒன்றே. போதாததற்கு, கப்பலின் நடுவில், கீழ்த்தளத்தில், வட்டச் சன்னலோடு இருக்கும் மலிவான அறையே ஆட்டம் குறைவாக உணரப்படும் இடம். மேல்தளத்துப் பால்கனி அறை ஊசலின் முனையைப் போல் வீசும். பெரிய கப்பலின் நல்ல அறையா, சிறு கப்பலின் எளிய அறையா என்று ஒரே விலையில் கேள்வி எழுந்தால், எனக்கு யோசிக்க வேண்டிய தேவையே இல்லை.

அடுத்த முடிவு, டிரேக் நீரிணையைக் கடலில் கடப்பதா, வானில் கடப்பதா என்பது. அர்ஜென்டினாவின் தென்கோடியிலுள்ள உஷுவாயாவிலிருந்து புறப்படும் கப்பல், பீகிள் கால்வாயைத் தாண்டியதும் ஏறக்குறைய இரண்டு நாள் திறந்த கடலில் போகிறது. அந்த அட்சரேகையில் உலகைச் சுற்றி எங்கும் குறுக்கே நிலம் இல்லை. மேலைக்காற்றும் துருவத்தைச் சுற்றியோடும் நீரோட்டமும் தடையின்றி ஓடிவந்து, தென் அமெரிக்காவுக்கும் தென் ஷெட்லாந்து தீவுகளுக்கும் இடையிலுள்ள சுமார் 800 கிலோமீட்டர் இடைவெளியில் நெருக்கப்படுவதால்தான் அங்கே கடல் இவ்வளவு கொந்தளிக்கிறது. குளம் போல் கிடக்கும் நாள்களும் உண்டு. பத்து மீட்டர் அலை எழும் நாள்களும் உண்டு. எது வாய்க்கும் என்று முன்பதிவு செய்யும்போது யாராலும் சொல்ல முடியாது. போக இரண்டு, வர இரண்டு என நான்கு நாள்கள் கடலிலேயே கழிவதால், பத்து நாள் பயணத்தில் அண்டார்க்டிகாவில் உண்மையில் இருப்பது நான்கு அல்லது ஐந்து நாள்களே. விளம்பரத்தில் உள்ள நாள் எண்ணிக்கையிலிருந்து நான்கைக் கழித்துவிட்டே ஒப்பிடத் தொடங்க வேண்டும்.

இன்னொரு வழி, சிலியின் புன்ட்டா அரீனாஸிலிருந்து விமானத்தில் இரண்டு மணி நேரத்தில் கிங் ஜார்ஜ் தீவின் சரளைக்கல் ஓடுபாதையில் இறங்கி, கடற்கரை வரை நடந்து, அங்கே காத்திருக்கும் கப்பலில் ஏறுவது. நான்கு நாள் மிச்சமாகிறது, வாந்தி மிச்சமாகிறது. விலை மட்டும் மிச்சமாவதில்லை. இந்த வழியின் பலவீனம் மூடுபனி. ஓடுபாதை கண்ணுக்குத் தெரியாவிட்டால் விமானம் புறப்படாது. ஒரு நாள் தாமதமானாலும் ஐந்து நாள் பயணத்தில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். விமானம் பறக்கவே முடியாமல் போனால் பணத்தில் எவ்வளவு திரும்பும் என்பதை நிறுவனத்தின் நிபந்தனைத் தாளில் முன்பே படித்துவிட வேண்டும். பெட்டியின் எடைக்கும் கண்டிப்பான வரம்பு உண்டு.

முடிந்தவர்கள் ஒரு முறையாவது கடல்வழியாகப் போவதே நல்லது என்று நான் நினைக்கிறேன். வீரத்துக்காக இதைச் சொல்லவில்லை. முதல் நாள் மாலையிலிருந்து இறக்கையை அசைக்காமலே கப்பலின் பின்னால் சறுக்கிவரும் ஆல்பட்ராஸ் பறவைகள், இரண்டாம் நாள் நீரின் வெப்பம் சட்டென்று சரிந்து காற்றின் மணமே மாறும் இடம், பிறகு அடிவானத்தில் தோன்றும் முதல் பனிப்பாறை ஆகியவை விமானத்தில் போகிறவருக்குக் கிடைப்பதில்லை. இதய நோயோ, கடுமையான கடல் குமட்டலோ, விடுமுறைப் பற்றாக்குறையோ இருப்பவர்களுக்கு விமானமே பொருத்தம். இரண்டுக்கும் நடுவே, போகும்போது கப்பலிலும் திரும்பும்போது விமானத்திலும் வரும் ஏற்பாட்டைச் சில நிறுவனங்கள் வைத்திருக்கின்றன. நடுத்தர வயதைக் கடந்த தம்பதியருக்கு நான் அதையே சொல்வேன்.

தீபகற்பத்தோடு நிறுத்திக்கொள்வதா, தென் ஜார்ஜியா என்ற தீவையும் சேர்த்துக்கொள்வதா என்பது பணமும் விடுமுறையும் சேர்ந்து தீர்க்கும் கேள்வி. ஃபாக்லாந்து, தென் ஜார்ஜியா, தீபகற்பம் மூன்றையும் இணைக்கும் பயணம் பதினெட்டு முதல் இருபத்திரண்டு நாள் எடுக்கும். கடல் நாள்களும் கூடும். ஆனால் காட்டுயிர்களுக்காகப் போகிறவருக்கு இதற்கு நிகரானது வேறில்லை. தென் ஜார்ஜியாவின் செயின்ட் ஆண்ட்ரூஸ் விரிகுடாவில் அரசப் பெங்குவின்கள் ஏறக்குறைய ஒன்றரை லட்சம் இணைகள் கூடுகின்றன. தீபகற்பத்தில் பார்க்கும் ஜெண்டூ, சின்ஸ்ட்ராப், அடேலிப் பெங்குவின் கூட்டங்கள் இதோடு ஒப்பிட்டால் சிற்றூர்கள்தான். அதே தீவின் கிரிட்விகனில் துருப்பிடித்து நிற்கும் திமிங்கலத் தொழிற்சாலையும், 1922 ஜனவரி 5 அன்று இறந்த அண்டார்க்டிக ஆய்வுப் பயணி ஷாக்கில்டனின் கல்லறையும் இருக்கின்றன. எலிகளை முற்றாக ஒழித்துவிட்டதாக 2018-இல் அறிவித்த தீவு என்பதால் அங்கே உடை, காலணிச் சோதனை மிகக் கடுமையாக இருக்கும். பையின் ஒட்டுப்பட்டையில் சிக்கிய ஒரு விதையைக்கூட ஊசியால் தோண்டி எடுக்கச் சொல்வார்கள்.

இதற்கு மாறாக, அண்டார்க்டிக் வட்டத்தைத் தாண்டுவதற்காகவே கூடுதலாகச் சில நாள் தெற்கே போகும் பயணங்களை முதன்முறை போகிறவர்களுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். அது வரைபடத்தில் உள்ள ஒரு கோடு. அதைத் தொடக் கப்பல் நெடுநேரம் ஓட வேண்டியிருப்பதால் கரையில் நிற்கும் நேரம் கரைகிறது.

மாதத்தைத் தேர்வதில் தவறான மாதம் என்று ஒன்றும் இல்லை. ஆனால் ஒவ்வொரு மாதமும் வேறு நாடு போல் இருக்கும். பருவம் நவம்பரில் தொடங்கி மார்ச்சில் முடிகிறது. நவம்பரில் பனி மாசில்லாமல் வெள்ளையாக இருக்கும். பெங்குவின்கள் கல் பொறுக்கிக் கூடு கட்டிக்கொண்டிருக்கும். சில இடங்களுக்குப் போகும் வழி இன்னும் உறைந்திருக்கும். டிசம்பர் கடைசியிலிருந்து ஜனவரி வரை குஞ்சுகள் பொரிக்கும் காலம். ஏறக்குறைய நாள் முழுவதும் வெளிச்சம். விலையும் அப்போதுதான் உச்சம். பிப்ரவரியிலும் மார்ச்சிலும் ஹம்ப்பேக் திமிங்கலங்கள் உண்டு கொழுத்துப் படகுகளுக்கு அருகிலேயே எழுந்து மூச்சுவிடும். ஆனால் கரை சேறாகி, எச்சத்தின் நாற்றம் கப்பலுக்குத் திரும்பிய பிறகும் மூக்கைவிட்டுப் போகாது. நம் ஊர்ப் பள்ளிகளின் கோடை விடுமுறை இந்தப் பருவத்தோடு எவ்விதத்திலும் பொருந்தாது என்பதைப் பிள்ளைகளை அழைத்துப் போக நினைப்பவர்கள் கவனிக்க வேண்டும்.

அந்த விடுமுறையின் கடைசியோடு ஓரளவு பொருந்துவது வடதுருவப் பக்கம். நோர்வேயின் ஆளுகையில் 78 பாகை வடக்கில் இருக்கும் லாங்யியர்பியன் நகரம்தான் ஸ்வால்பார்டு தீவுக்கூட்டத்தைச் சுற்றும் பயணங்களுக்குத் தொடக்கம். கோடைப் பயணக் காலம் மே முதல் செப்டம்பர் வரை. ஆஸ்லோவிலிருந்து பயணிகள் விமானத்திலேயே நேராகப் போய்ச் சேரலாம். டிரேக்கைப் போல் கடக்க வேண்டிய பெருங்கடல் எதுவும் இல்லை. எட்டு நாள் பயணம் என்றால் ஏறக்குறைய எட்டு நாளும், மலைகளுக்கிடையே புகுந்திருக்கும் குறுகிய கடற்கழிகளான ஃபியோர்டுகளுக்குள்தான். மொத்தச் செலவும் பொதுவாகக் குறைவு. பெங்குவின் இங்கே இல்லை. பனிக்கரடி, வால்ரஸ், செங்குத்துப் பாறைகளில் நெருக்கியடித்துக் கூடு கட்டும் கடற்பறவைகள் ஆகியவை உண்டு. அண்டார்க்டிகாவில் விலங்கு நம்மைப் பொருட்படுத்துவதில்லை. ஸ்வால்பார்டிலோ அது நம்மை உணவாகவும் பார்க்கக்கூடும். அதனால் வழிகாட்டிகள் துப்பாக்கியோடு முன்னே இறங்கிச் சுற்றிலும் பார்த்த பிறகே பயணிகளை இறக்குவார்கள். குழுவைவிட்டு விலகித் தனியே நடக்க முடியாது.

2025 ஜனவரி 1 முதல் அங்கே விதிகள் இறுகியிருக்கின்றன. பாதுகாக்கப்பட்ட பகுதிகளுக்குள் வரும் கப்பலில் இருநூறு பயணிகளுக்கு மேல் இருக்கக் கூடாது. அப்பகுதிகளில் இறங்குவதற்கு 43 இடங்கள் மட்டுமே குறிக்கப்பட்டிருக்கின்றன. பனிக்கரடியிடமிருந்து குறைந்தது 300 மீட்டர், மார்ச் முதல் ஜூன் முடிய 500 மீட்டர் விலகி நிற்க வேண்டும். ஆகவே பழைய படங்களில் கப்பல் முனைக்குக் கீழே வந்து நிற்கும் கரடியை மனத்தில் வைத்துக்கொண்டு இப்போது போகிறவர் ஏமாறுவார். நல்ல தொலைநோக்கிக்குச் செலவிடும் பணம் இங்கே வீணாகாது. இந்த விதிகளைப் பற்றி நிறுவனங்கள் முணுமுணுத்தாலும், கரடியின் பக்கமிருந்து பார்த்தால் குறை சொல்ல எதுவுமில்லை.

இந்தியர்களுக்கு ஸ்வால்பார்டில் ஒரு தனி ஈர்ப்பும் ஒரு தனிச் சிக்கலும் உண்டு. நி-ஓலசுண்ட் என்ற ஆய்வுக் குடியிருப்பில் 2008 ஜூலை 1 முதல் இயங்கும் இந்தியாவின் ஹிமாத்ரி நிலையத்தை வெளியிலிருந்து பார்க்கலாம். அங்குள்ள நுண்ணிய அளவீட்டுக் கருவிகளுக்காகக் கைப்பேசியின் வைஃபையையும் புளூடூத்தையும் அணைத்துவிடச் சொல்வார்கள். தெற்கே இதற்கு ஈடில்லை. இந்தியாவின் மைத்ரி, பாரதி நிலையங்கள் கிழக்கு அண்டார்க்டிகாவில், தீபகற்பத்திலிருந்து ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கின்றன. வழக்கமான சுற்றுலாக் கப்பல்கள் அங்கே எட்டிப்பார்ப்பதில்லை. சிக்கல் விசாவில் வருகிறது. ஸ்வால்பார்டுக்கென்று விசா தேவையில்லை, ஆனால் அது ஐரோப்பிய நாடுகள் பலவற்றின் பொது விசாப் பகுதியான ஷெங்கனின் எல்லைக்கு வெளியே இருக்கிறது. நோர்வே வழியாகப் போய் நோர்வே வழியாகவே திரும்ப வேண்டியிருப்பதால், இருமுறை நுழைய அனுமதிக்கும் ஷெங்கன் விசா இல்லாதவர் திரும்பும் வழியில் மாட்டிக்கொள்வார்.

உடல்நிலையை நேர்மையாக எடை போடுவதும் தேர்வின் ஒரு பகுதியே. ஆடும் படகில் ஏற, படகோட்டியின் முன்கையை நம் முன்கையோடு சேர்த்துப் பற்றிக்கொண்டு அடியெடுத்து வைக்கத் தெரிந்தால் போதும். அதற்குப் பெரிய பலம் வேண்டாம். ஆனால் பறவைக் காய்ச்சல் 2023 அக்டோபரில் தென் ஜார்ஜியாவிலும் 2024 பிப்ரவரியில் தீபகற்பத்திலும் உறுதிசெய்யப்பட்ட நிலையில், கரையில் உட்காரவோ மண்டியிடவோ பையைத் தரையில் வைக்கவோ அனுமதிப்பதில்லை. மூட்டுவலி உள்ளவர் கரையில் இருக்கும் நேரம் முழுவதும் நின்றுகொண்டே இருக்க வேண்டும் என்று பொருள். சிறு கப்பலில் இதற்கும் ஓர் ஆறுதல் உண்டு: குழு முறை இல்லாததால், களைத்தவர் அடுத்த படகிலேயே திரும்பிவிடலாம்.

கப்பலில் மருத்துவர் ஒருவர் இருப்பார். அறுவைச் சிகிச்சைக்கு வழியிருக்காது. 2023 செப்டம்பரில் கிரீன்லாந்தின் ஆல்ப் ஃபியோர்டில் 206 பேரோடு தரைதட்டிய பயணக் கப்பல் ஒன்றை நாள் கணக்கில் காத்திருந்த பிறகு ஒரு மீன்வள ஆய்வுக் கப்பல்தான் இழுத்து விடுவித்தது. உதவிக்குப் புறப்பட்ட கடற்படைக் கப்பல் இரண்டாயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்தது. அவசர மருத்துவ வெளியேற்றத்துக்கான காப்பீட்டை நிறுவனங்கள் கட்டாயமாக்குவதன் காரணம் இந்தத் தொலைவுதான். நம் ஊரில் விற்கும் சாதாரணப் பயணக் காப்பீடு துருவப் பகுதியை விலக்கியிருக்கிறதா என்று பொடி எழுத்தைப் படித்துப் பார்க்க வேண்டும்.

சைவ உணவு முன்கூட்டியே சொன்னால் கிடைக்கும். சுவை சமையல்காரரைப் பொறுத்தது. கையில் பருப்புப் பொடியும் ஊறுகாயும் கொண்டுபோகிறவர்கள் புன்ட்டா அரீனாஸ் வழியைத் தேர்ந்திருந்தால், சிலியின் வேளாண் சோதனையில் அவற்றை மறைக்காமல் அறிவித்துவிட வேண்டும். எந்த வழியாகப் போனாலும் அண்டார்க்டிகாவில் கரைக்கு உணவு எதையும் எடுத்துப் போக முடியாது. உஷுவாயாவுக்கோ புன்ட்டா அரீனாஸுக்கோ குறைந்தது இரண்டு நாள் முன்பே போய்ச் சேர்ந்துவிடுவது நல்லது, ஏனென்றால் விமான நிறுவனம் தொலைத்த பெட்டிக்காகக் கப்பல் காத்திருக்காது. கடைசி நேரத்தில் உஷுவாயாவில் இறங்கி மலிவு விலைக்கு இடம் பிடிக்கலாம் என்ற பழைய உத்தி, விசாவுக்கு முன்கூட்டியே பயணத்திட்டம் காட்ட வேண்டிய நம் கடவுச்சீட்டுக்காரர்களுக்கு அநேகமாக உதவாது.

இரண்டு வார விடுமுறையும் கடலைப் பற்றிய அச்சமும் உள்ளவருக்கு, ஜூலை கடைசியில் அல்லது ஆகஸ்டில், நூறு பேருக்குச் சற்று முன்பின்னான கப்பலில் ஸ்வால்பார்டு போதுமானது. வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் போகப்போகிறோம் என்பவருக்கு, கடன் வாங்காமல் முடியுமென்றால், நவம்பரில் தென் ஜார்ஜியாவோடு கூடிய நீண்ட பயணம். நடுவில் இருக்கும் பெரும்பாலோருக்கு என் தேர்வு, ஜனவரிப் பிற்பகுதியில், நூற்றிருபது பேருக்கு மிகாத கப்பலில், கீழ்த்தளத்து இரட்டை அறையில், உஷுவாயாவிலிருந்து பதினொரு நாள். முன்பணம் கட்டுவதற்கு முன் நிறுவனத்திடம் கேட்டு எழுத்தில் வாங்க வேண்டியது ஒன்றுதான்: அந்தக் குறிப்பிட்ட புறப்பாட்டில் கப்பல் ஏற்றப்போகும் பயணிகளின் அதிகபட்ச எண்ணிக்கை.